கிருமி கிடைக்க வேண்டும் என்று கேட்ட புதன்கிழமை

2006ஆம் வருடத்தை நம் ஊர்க்காரர்கள் யாரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். சிக்குன்குன்யா வந்து, தெருவுக்குத் தெரு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பூசையில் முழந்தாள் போட முடியாமல் பாதிக் கோயில் உட்கார்ந்தே இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் என் மகளின் நோய் ஒளிந்துகொண்டது. மூன்று மாதம் நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

என் பெயர் பிலோமினா. உப்பளம் என்கிற பகுதியில் குடியிருக்கிறோம். தொலைபேசி அலுவலகத்தில், பழுதுப் புகார்களை வாங்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் அமலோர் ஒரு அச்சகத்தில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ரெஜினா. அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இதை எழுத நினைத்து, எடுத்த பேனாவைத் திரும்ப மூடி வைத்திருக்கிறேன். ஆனால் மாதாவிடம் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலையில் ரெஜினாவுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எனக்கும் அவருக்கும் வந்து போயிருந்தது. அதனால் யாரும் பயப்படவில்லை. "நம்ம வீட்ல இன்னிக்கு யாரு நேரா நிக்கறாங்களோ அவங்க காபி போடுங்க" என்று அமலோர் சொன்னார். மூவரும் சிரித்தோம். தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது. முதுகு வலிக்கிறது என்றாள். எனக்கும்தான் வலிக்கிறது என்றேன்.

எனக்குச் சரியாகிவிட்டது. அவளுக்குச் சரியாகவில்லை. காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் ஊசி போட்டோம். போட்டதும் இறங்கும், ஒரு வாரத்தில் திரும்ப ஏறும். ஆகஸ்ட் மாதம் மோட்ச மாதா திருவிழாவில் தேர் புறப்பட்டபோது அவளால் கூடவே நடக்க முடியவில்லை. கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீங்க போங்கம்மா, நான் இங்கேருந்தே கும்புட்டுக்கறேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தோடு நானும் போய்விட்டேன்.

செப்டம்பரில் அவளால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. படுக்கையில் புரண்டால் அலறினாள். உடம்பு பாதியாகிவிட்டது. அப்போதுதான் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி எங்களைக் கூப்பிட்டார். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகள். நடுவில் இருக்க வேண்டிய மெத்தை அரித்துப்போயிருந்தது. பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது.

"முதுகெலும்புக்குள்ள கிருமி பூந்திருக்கும்மா. எந்தக் கிருமின்னு இந்தப் படத்துல தெரியாது. ரத்தத்துலயும் பாத்தாச்சு, கெடைக்கல. அந்த எடத்துலேருந்தே ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்."

முதுகில் ஊசி என்றதும் பயந்துவிட்டேன். தண்டுவடம் அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? கை தவறினால் கால் போய்விடாதா? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சி.டி. ஸ்கேன் எந்திரத்தில் குப்புறப் படுக்க வைப்பார்கள். தோலை மட்டும் மரக்கச் செய்வார்கள். ஊசியைக் கொஞ்சம் உள்ளே விட்டு ஒரு படம், இன்னும் கொஞ்சம் விட்டு இன்னொரு படம் என்று வழி பார்த்துப் பார்த்துத்தான் போவார்கள். கேட்கும்போது புரிந்தது. வெளியே வந்ததும் பயம் திரும்பி வந்துவிட்டது.

நம் பங்குக் கோயிலில் புதன்கிழமைதோறும் சகாய மாதா நவநாள் ஜெபம் நடக்கிறது. மாதா படத்துக்கு முன்னால் ஒரு பெட்டி இருக்கும். வேண்டுதலையும் நன்றியையும் சீட்டில் எழுதி அதில் போடுவோம். நம் உபதேசியார் சவரிமுத்து அவற்றை மைக்கில் படிப்பார். படித்து முடித்ததும் கோயிலே சேர்ந்து, "தாயே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். அந்தப் புதன்கிழமை என் சீட்டில் இப்படி எழுதினேன்: "என் மகளின் பரிசோதனையில் எந்தக் கிருமியும் இருக்கக் கூடாது." எல்லாரும் எனக்காகக் கேட்டார்கள். மனம் லேசானது.

ஊசி போட்ட அன்று நான் ஸ்கேன் அறைக்கு வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் ஒரு நர்ஸ் வந்து சிறிய புட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். "அம்மா, இத அந்தக் கட்டடத்துல கல்ச்சர் லேப்ல குடுத்துட்டு வந்துடுங்க." கிருமியை வளர்த்துப் பார்க்கும் இடம் அது. அந்த ஆஸ்பத்திரியில் இதுதான் பழக்கம். நோயாளியின் வீட்டு ஆள்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். புட்டிக்குள் சிவப்பாகச் சில துளிகள் இருந்தன. என் மகளின் முதுகெலும்பிலிருந்து வந்தவை. போகும் வழியெல்லாம், "ஒன்றும் இருக்கக் கூடாது தாயே, ஒன்றும் இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

சில நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா அன்று ஆபரேஷனில் இருந்தார். நானே வாங்கிப் படித்தேன். எந்தக் கிருமியும் வளரவில்லை என்று போட்டிருந்தது. சதையைப் பார்த்ததில் வெறும் அழற்சி என்று மட்டும் இருந்தது.

வராந்தாவிலேயே முழந்தாளில் விழுந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து என்னைத் தூக்க வந்தார்கள்.

எங்கள் தெருவில் சொல்தா வீடு என்று ஒரு வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவரின் விதவை அங்கே இருக்கிறார். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். ஜெபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அவர் கையைத் தட்டினார். "மாதா கை விடுவாங்களா? ஒடனே நன்றி எழுதிப் போடு பிலோ. வாங்கிக்கிட்டுப் பேசாம இருக்கக் கூடாது." எழுதிப் போட்டேன். அந்த வாரம் உபதேசியார் அதைப் படித்தார். மதாம் ரவை கேக் செய்து வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தார். பலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஒண்ணும் இல்லன்னு வந்திருக்குதே டாக்டர்" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, ஒண்ணும் வளரலன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. இருக்கு. படத்துல நல்லாத் தெரியுது. எது இருக்குன்னு நமக்குப் பிடிபடல, அவ்ளோதான். ஜூலையிலேருந்து ஊசி மேல ஊசி போட்டிருக்கீங்க இல்ல? அதுல அது அரை மயக்கமா கெடக்குது. சாகவும் இல்ல, லேப்ல வளரவும் இல்ல."

என் வேலையே இதுதானே. லைனைச் சோதித்துப் பார்த்து, கோளாறு தெரியவில்லை என்று நான் சொன்னால், அந்த வீட்டுக்காரர் கத்துவார். "உங்க டெஸ்ட்ல இல்லைன்னா ஆச்சா? என் போன் செத்துக் கெடக்குதே!" என்பார். எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகள் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

டாக்டரம்மா மேலே சொன்னதுதான் இடி. கிருமி மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வலி மாத்திரை மட்டும் கொடுப்பார்கள். இரண்டு வாரம் அப்படியே ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். கிருமி தெளிந்து எழுந்ததும் மறுபடி எடுக்க வேண்டும். இந்த முறை தடித்த ஊசி. சீழ் மட்டுமல்ல, எலும்பும் கொஞ்சம் வரும். அதிலும் கிடைக்காவிட்டால் ஆபரேஷன் செய்து முதுகைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

செய்தி பரவியதும் தவளக்குப்பத்திலிருந்து அமலோரின் தங்கை வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவருடைய அண்ணனுக்கு முன்பு முதுகெலும்பில் டீபி வந்து மாத்திரையில் குணமானது. "இன்னாத்துக்கு மச்சான் பொண்ணு முதுகப் போட்டு ரெண்டு வாட்டி குத்தறாங்க? டீபி மாத்திரைய ஆரம்பிச்சுட்டா ஆச்சு. எங்கண்ணன் இப்ப மூட்ட தூக்கறான்" என்றார். அமலோருக்கும் அதுவே சரியென்று பட்டது. இருவரும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார்கள்.

"நம்ம பக்கம் முதுகெலும்புல சீழ்னா மொதல்ல டீபின்னுதான் நெனப்போம். நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார் அவர். "ஆனா அந்தச் சதையில டீபின்னு சொல்ற அடையாளம் எதுவும் இல்ல. நெனப்ப நம்பி மாசக்கணக்கா மாத்திரை குடுத்துட்டு, அது வேற கிருமியா இருந்தா? அதுக்குள்ள கால் வெளங்காமப் போயிடும் சார். முடிவு உங்களது. என் பொண்ணா இருந்தா நான் தெரிஞ்சுக்கிட்டுத்தான் குடுப்பேன்."

அமலோர் வெளியே வந்து நெடுநேரம் வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு என்னிடம், "நீ சொல்லு" என்றார். நான் என்ன சொல்ல? எனக்கு மருந்தை நிறுத்தவும் பயம், ஊசிக்கும் பயம், ஊகத்துக்கும் பயம். வார்டுக்குள் போய் ரெஜினாவின் கட்டிலருகில் முழந்தாள் போட்டு, எனக்குப் பழக்கமான அதே ஜெபத்தைத் தொடங்கினேன். எதுவும் இருக்கக் கூடாது தாயே. உதடு அசைந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, ஒண்ணு கேக்கட்டா? டாக்டர் கெடைக்கணும்னு தேடறாங்க. நீ கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கற. பாவம், மாதா யாரு பேச்சதான் கேப்பாங்க?"

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆனால் சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் கோபத்தில், "வாய மூடு, சாமி விஷயத்துல வெளையாடாத" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இதுவரை மாதாவிடம் என்ன கேட்டேன்? என் மகளைக் குணமாக்கு என்றா கேட்டேன்? இல்லை. என் கண்ணில் எதையும் காட்டாதே என்று கேட்டேன். எனக்குப் பயமாயிருக்கிறது, மூடி வை என்று கேட்டேன். மூடித்தான் வைத்திருந்தது. உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நானே டாக்டரம்மாவிடம் போய், மருந்தை நிறுத்துங்கள், மறுபடி எடுங்கள் என்று சொன்னேன்.

அந்த இரண்டு வாரத்தை நான் எப்படி எழுதுவேன்? பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தெரிந்த தாய்க்கு, கொடுக்காமல் உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. சில நாளில் காய்ச்சல் ஏறத் தொடங்கியது. நான் நர்ஸிடம் ஓடினேன், டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "ஜுரம் ஏறுதுன்னா அது முழிச்சுக்கிட்டு வருதும்மா. பொறுத்துக்கோங்க" என்றார். என் பிள்ளையின் உடம்பு கொதிக்கிறது, அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன்.

தினமும் காலையில் டாக்டரம்மா வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "கட்டைவிரல மேல தூக்கு, என் கைய எதுத்துத் தள்ளு" என்பார். அவள் தள்ளுவாள். அந்த இரண்டு கட்டைவிரல்களைப் பார்ப்பதற்காகவே நான் விடிவதை எதிர்பார்த்திருப்பேன்.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா வழக்கம்போல வந்து, "தள்ளு" என்றார். வலது கால் தள்ளியது. இடது கட்டைவிரல் லேசாக எழுந்து, நின்று, விழுந்தது. ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"இனி காத்திருக்க வேணாம். நாளான்னிக்கு எடுத்துடலாம். நரம்ப அழுத்த ஆரம்பிச்சிருக்கு. இதுல கெடச்சு மருந்து கேட்டுச்சுன்னா சரியாப் போகும். இல்லன்னா ஆபரேஷனுக்குத் தயாரா இருங்க" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. அமலோரை மகளிடம் விட்டுவிட்டு நவநாளுக்குப் போனேன். சீட்டில் எழுதினேன்: "என் மகள் ரெஜினாவின் முதுகெலும்பில் உள்ள கிருமி நாளைய பரிசோதனையில் உயிரோடு கிடைக்க வேண்டும்." எழுதிவிட்டு நானே திரும்பப் படித்தேன். ஒரு தாய் எழுதுகிற வாக்கியமா இது? பெட்டியில் போடும்போது பக்கத்தில் இருந்த மதாம் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னா பிலோ இது! கிருமி வரணும்னு யாராச்சும் மாதா கிட்ட கேப்பாங்களா? புத்தி கித்தி கலங்கிப்போச்சா?"

"கெடைக்கலன்னா கால் போயிடும் மதாம்."

"அதுக்கு?"

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னேன். ரெஜினா கேட்டதையும் சொன்னேன். மதாம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

உபதேசியார் சீட்டுகளைப் படிக்கத் தொடங்கினார். வேலை வேண்டி ஒருவர். குழந்தை வரம் வேண்டி ஒருவர். பிறகு என் சீட்டு. கையில் எடுத்தவர் ஒரு நொடி நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார். நல்ல மனிதர். பாவம், கலக்கத்தில் இந்த அம்மா மாற்றி எழுதிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அவரே திருத்திப் படித்தார்.

"ரெஜினாவின் பரிசோதனையில் கிருமி எதுவும் கிடைக்காமல் இருக்க..."

கோயில் முழுவதும் பதில் சொல்ல வாயெடுத்தது. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போது முன் பெஞ்சிலிருந்து மதாம் எழுந்தார்.

"உபதேசியாரே! எழுதினத எழுதினபடி படிங்க."

கோயிலில் சத்தம் நின்றது. உபதேசியார் தடுமாறி, "இல்ல மதாம், இதுல தப்பா..." என்றார்.

"தப்பு இல்ல. அந்தப் பொண்ணு தெரிஞ்சுதான் எழுதியிருக்குது. போன வாட்டி நாமதான் தப்பாக் கேட்டோம். கேக்கும் சாப்ட்டோம். இப்ப சரியாப் படிங்க."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பீடத்தில் இருந்த பங்குச் சாமியார் உபதேசியாரைப் பார்த்துத் தலையசைத்தார். உபதேசியார் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"என் மகள் ரெஜினாவின் முதுகெலும்பில் உள்ள கிருமி, நாளைய பரிசோதனையில், உயிரோடு கிடைக்க வேண்டும்."

ஒரு கணம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு மதாமின் குரல் தனியாக எழுந்தது. அதன்பின் கோயிலே எழுந்தது. "தாயே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. முன்பு எனக்காகக் கேட்டபோது மனம் லேசானது என்று எழுதினேன் அல்லவா? அன்று லேசாகவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுமக்க ஆள் வந்துவிட்டது போல இருந்தது.

வியாழக்கிழமை காலை ரெஜினாவை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே போகும்போது, "கெடச்சா எனக்கு இன்னா வாங்கித் தருவ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. முதல் தடவையைவிட நேரம் அதிகமானது. அமலோர் நடந்துகொண்டே இருந்தார். கதவு திறந்ததும் நர்ஸ் மூன்று புட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் மருந்து ஊற்றியிருந்தது. அது சதையையும் எலும்பையும் பார்க்கும் லேபுக்கு. மற்றொன்று டீபி சோதனைக்கு. அந்த இரண்டையும் அமலோர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது என் கைக்கு வந்தது.

உள்ளே பார்த்தேன். உடைந்த வறுத்த சேமியாத் துண்டு போல ஒரு சின்னக் குச்சி. ஓரத்தில் சிவப்பு. அதுதான் என் மகளின் எலும்பு.

"வெயில்ல நிக்காதீங்க. குலுக்காதீங்க. நேரா போயிடுங்க" என்றார் நர்ஸ்.

முதல் தடவை நடந்த அதே வழி. அதே வராந்தா, அதே மரத்தடி, பாய் விரித்துப் படுத்திருக்கும் அதே ஜனங்கள். இரண்டு கைகளாலும் புட்டியைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பூசையில் நற்கருணை அப்பத்தைச் சாமியார் ஏந்திப்போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நடந்தேன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றை என் கையில் வைத்துக்கொண்டு, அது செத்துப்போய்விடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டு போனேன். "தாயே, ஒளிந்திருப்பதை வெளியே கொண்டு வாரும். எனக்குப் பயம்தான். ஆனாலும் காட்டும்."

லேப் ஜன்னலில் கொடுத்தபோது விரல்கள் விரியவில்லை. உள்ளே இருந்த பெண், "குடுங்கம்மா, பாத்துக்கறோம்" என்று மெதுவாக வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. டாக்டரம்மா வழக்கமாக நிதானமாக வருகிறவர். அன்று வார்டு வாசலிலிருந்தே வேகமாக வந்தார். "கெடச்சிடுச்சும்மா!" என்றார்.

பக்கத்துக் கட்டில் அம்மா, எனக்கு ஏதோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

டீபி இல்லை. டைஃபாய்டு கிருமி. ஜூலையில் வந்தது சிக்குன்குன்யாவே அல்ல, டைஃபாய்டு. பாதி மருந்தில் அடங்கி, ரத்தத்தோடு போய் முதுகெலும்பில் தங்கிவிட்டது. இது அபூர்வமாகத்தான் நடக்கும் என்றார். எந்த மருந்துக்கு அது மசியும், எதற்கு மசியாது என்றும் லேபில் பார்த்திருந்தார்கள். நாங்கள் அதுவரை போட்ட ஊசிக்கு அது மயங்குமே தவிர சாகாது. அமலோர் ஆரம்பிக்கச் சொன்ன டீபி மாத்திரையை விழுங்கியிருந்தால் மாதக்கணக்கில் வீணாகிக் கால் போயிருக்கும். அதைக் கேட்டதும் அவர் சுவரோரமாக உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்றே சரியான மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. இந்த முறை திரும்ப ஏறவில்லை. ஒருநாள் காலை டாக்டரம்மா, "தள்ளு" என்றபோது, இடது கட்டைவிரல் அவர் கையை எதிர்த்துத் தள்ளியது. "ஐயோ, என்ன ஒதைக்கறியா?" என்றார் அவர். ரெஜினா சிரித்தாள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. வாரக்கணக்கில் ஊசி, அதன்பின் மாத்திரை, இடுப்புக்கு இறுக்கமான பெல்ட். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு அந்த பெல்ட்டோடு, பலகை போல நிமிர்ந்து நடந்து வந்தாள். மதாம் அவளைப் பார்த்து, "பாரு, பிரெஞ்சு சொல்தா மாரி வர்றா" என்றார். சொன்னவர் அழுதார்.

அதற்கு அடுத்த நவநாளில் என் நன்றி படிக்கப்பட்டது. "கிருமி கிடைத்ததற்காக மாதாவுக்கு நன்றி." உபதேசியார் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

இப்போது ரெஜினா படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். முதுகில் ஊசி போன இடத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை. அவள் லேசாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் என் உயிர் போய்விடுகிறது. காலையில் அவள் தூங்கும்போது போர்வையை விலக்கிக் கட்டைவிரலைப் பார்க்கிறேன். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே, "ரெண்டும் இருக்குதா?" என்று கேட்டாள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஏதோ ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பீர்கள். டாக்டரிடம் போகவே பயந்து, எதுவும் இல்லை என்று நீங்களே சொல்லிக்கொண்டு இருப்பவர்களும் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பயத்தோடேயே மாதாவிடம் வாருங்கள். பயத்தை மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எனக்கு உதவி வந்த வழி அந்த ஊசி வழியாகத்தான், டாக்டரம்மாவின் பொறுமை வழியாகத்தான், லேபில் கை நீட்டி வாங்கிக்கொண்ட அந்தப் பெண் வழியாகத்தான். அவர்களை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

இன்றும் புதன்கிழமைதோறும் ஒரு சீட்டு போடுகிறேன். பெயர் எழுதுவதில்லை. ஆனால் நவநாளுக்கு வரும் நீங்கள் கேட்டிருப்பீர்கள், கேட்டுப் பதிலும் சொல்லியிருப்பீர்கள். அது என் சீட்டுதான்.

"தாயே, இருப்பதைக் காட்டும். நான் பார்க்கும்போது பக்கத்தில் நில்லும்."